முப்பது சொட்டு சிவப்புத் தண்ணீர்

"ஐயா, நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கடிதம் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், நேரில் வந்திருப்பேன். நீங்கள் எனக்குச் செய்தது பச்சைத் துரோகம். காசு கொடுத்து வாங்கியவன் நான். பேட்டரி போட்டவன் நான். ஆனால் உங்கள் மெஷின் என் வீட்டு மேஜைமேல் உட்கார்ந்துகொண்டு என் மனைவிக்கு உளவு சொல்லியிருக்கிறது. ரத்தம் எது, தண்ணீர் எது என்று பிரித்துப் பார்க்க அதற்குக் கற்றுக்கொடுத்தது நீங்கள்தான். உங்களை யார் கேட்டார்கள்?"

இவ்வளவையும் ஒரே மூச்சில் எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார் பாதிவிலை.

அது அவருடைய பெயர் இல்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் வண்டி லைசென்ஸில் பத்திரமாக இருக்கிறது. தெருவில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவரும் வழி காட்ட மாட்டார்கள். பழைய மேஜை, நாற்காலி, பீரோ வாங்கி விற்கிற கடை அவருடையது. எதிராளி என்ன விலை சொன்னாலும், அந்த வாய் மூடுவதற்குள் அதில் பாதியைச் சொல்லிவிடுவார். நூறென்றால் ஐம்பது. சரி, ஐம்பதே கொடுங்கள் என்று எதிராளி இறங்கி வந்தால் இருபத்தைந்து.

பதினோரு வயதில் தள்ளுவண்டியோடு தெருவுக்கு வந்தவர். அடியும் திட்டும்தான் அவர் படித்த பள்ளிக்கூடம். அங்கே கற்ற பாடம் ஒன்றே ஒன்று: முதலில் சொல்லப்படுகிற எண் பொய். அந்தப் பாடத்தை வைத்துத்தான் கடை வாங்கினார், வீடு கட்டினார், மகளைக் கட்டிக்கொடுத்தார். மரப் பீரோவுக்கு அந்தப் பாடம் போதும். உடம்புக்குப் போதவில்லை.

போன வருடம் டாக்டரம்மா அவர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "சர்க்கரை முந்நூத்திப் பத்து இருக்கு" என்றார்.

"இருநூறுனு வெச்சுக்குங்க," என்றார் பாதிவிலை.

டாக்டரம்மா ஒரு கணம், இவர் பீஸைப் பற்றித்தான் பேசுகிறார் என்று நினைத்துவிட்டார். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பாதிவிலை ஒவ்வொன்றாக உடைத்தார். தினம் இரண்டு மாத்திரை என்றதற்கு ஒன்று. நாற்பது நிமிடம் நடை என்றதற்கு இருபது, அதிலும் கடைக்குள் நடப்பதைக் கழித்துக்கொண்டு. காபியில் சர்க்கரை ஒரு கரண்டிகூட ஆகாது என்றதற்கு அரைக் கரண்டி. வெளியே வரும்போது நல்ல வியாபாரம் முடித்த முகத்தோடு வந்தார். நோயை மட்டும் முழுசாக வீட்டுக்குக் கொண்டு வந்தார்.

அவர் வீட்டுக்காரி அதிகம் பேசாதவள். அந்த வீட்டில் பேச்சு முழுவதும் அவருடையது, முடிவு முழுவதும் அவளுடையது. கல்யாணத்துக்கு முன்னால் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை பார்த்தவள். அச்சடித்த எது கையில் கிடைத்தாலும் கடைசி எழுத்து வரை படிக்காமல் கீழே வைக்க மாட்டாள். சோப்பு உறை, பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், மாத்திரை அட்டையோடு வருகிற பொடி எழுத்துக் காகிதம், எதையும் விடமாட்டாள். அவருக்கோ அச்சடித்த காகிதம் என்றால் பீரோக் கண்ணாடியைச் சுற்றிக் கட்டுவதற்கு.

இரண்டு மாதம் முன்பு ஒரு காலை. வண்டி நிறையச் சாப்பாட்டு மேஜையும் ஆறு நாற்காலியும் ஏற்றிக்கொண்டு போனவருக்குத் திடீரென்று கண் இருட்டியது. வண்டி நடைபாதையில் ஏறி முடிவெட்டும் கடைச் சுவரில் முட்டி நின்றது. யாருக்கும் அடியில்லை. நாற்காலிகளுக்குத்தான் கால் உடைந்தது. வீட்டுக்காரி வந்தாள், பார்த்தாள், அவர் சட்டைப் பையில் கைவிட்டு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வண்டி சாதாரண வண்டி இல்லை. அவர் வாழ்க்கையில் முழு விலை கொடுத்து வாங்கிய முதல் பொருள். ஏன் பேரம் பேசவில்லை என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். வண்டி இல்லாத பாதிவிலை, கால் உடைந்த நாற்காலி மாதிரிதான்: பார்க்க நன்றாக இருக்கும், நம்பி உட்கார முடியாது.

ஒரு வாரம் வீட்டைத் தலைகீழாகப் புரட்டித் தேடினார். அலமாரியில் இல்லை, தலையணை உறையில் இல்லை, அரிசி டப்பாவில் இல்லை. எட்டாம் நாள் பேச்சுவார்த்தைக்கு வந்தார்.

"சாவி?"

"முப்பது நாள்," என்றாள். "தினமும் காலையில வெறும் வயித்துல நூத்தி முப்பதுக்குள்ள இருக்கணும். அதையும் மெஷின் சொல்லணும், டாக்டரம்மா பாக்கணும். நீங்க சொல்லக் கூடாது."

"பதினஞ்சு நாள்."

"முப்பது."

"நூத்தி எண்பது."

"நூத்தி முப்பது."

"சரி, உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம்..."

"எனக்கு வேணும்," என்றாள்.

அவருக்கு நாற்பது வருடத் தொழிலில் இப்படி ஒரு பதில் வந்ததில்லை.

மறுநாள் மருந்துக் கடைக்குப் போய் மெஷின் வாங்கினார். விரலில் ஊசிப் பேனாவை வைத்து அழுத்தினால் ஒரு சொட்டு ரத்தம் வரும். அதைச் சின்னப் பட்டையின் நுனியில் தொட்டால் ஐந்து நொடியில் எண் வரும். விலையை உடைக்கிற வேகத்தில் ஒரு ஜிப் வைத்த பையை இனாமாகக் கேட்டு வாங்கினார். பெட்டியின் அடியில் சுண்டு விரல் நுனியளவு ஒரு பாட்டில் இருந்தது. உள்ளே சிவப்பாக ஏதோ தண்ணீர்.

"இது எதுக்கு?"

"மெஷின் சரியா வேலை செய்யுதான்னு பாக்கறதுக்கு," என்றார் கடைக்காரர். "ரத்தத்துக்குப் பதிலா இதுல ஒரு சொட்டு வெக்கணும். நூறுக்கும் நூத்தி முப்பதுக்கும் நடுவுல காட்டுச்சுன்னா மெஷின் நல்லா இருக்குன்னு அர்த்தம்."

பாதிவிலையின் வாய் திறந்தபடி நின்றது.

"எப்பவும் அப்படித்தான் காட்டுமா?"

"எப்பவும்."

"யாரு வெச்சாலும்?"

"தண்ணிக்கு ஆள் தெரியுமா சார்?"

அதற்குமேல் அவர் ஒரு பைசா குறைக்கவில்லை. சொன்ன விலையை அப்படியே எண்ணி வைத்தார். கடைக்காரர் பயந்துபோய் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

மறுநாள் காலையிலிருந்து நாடகம் ஆரம்பமானது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்வார். ஊசிப் பேனாவைக் காற்றில் ஒரு முறை அழுத்துவார். டக் என்று சத்தம் வெளியே கேட்க வேண்டும். கூடவே, "ஆ!" முதல் நாள் அந்த ஆ கத்திக்குத்து வாங்கியவன் போட்டதுபோல இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து கதவைத் தட்டினார். இரண்டாம் நாளிலிருந்து அளவோடு போட்டார். சிவப்புத் தண்ணீர் ஒரு சொட்டை மூடியின்மேல் விட்டு, பட்டையின் நுனியால் தொடுவார். நூற்றுப் பதினாலு. விரலைச் சப்பிக்கொண்டே வெளியே வந்து மெஷினை வீட்டுக்காரியிடம் நீட்டுவார்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொள்வாள். திரையை வெகுநேரம் பார்ப்பாள்.

"நல்லா இருக்கு," என்பாள். பிறகு அவர் முகத்தையும் அதே அளவு நேரம் பார்ப்பாள்.

திரையின் மூலையில் கடுகளவுக்கு ஒரு பாட்டில் படம் தெரிந்தது. அது அவர் கண்ணில் படவில்லை. எண்ணைத் தவிர வேறெதையும் பார்த்துப் பழகாத கண் அது.

நூற்றுப் பன்னிரண்டு, நூற்றுப் பதினேழு, நூற்றுப் பதினைந்து. பத்து நாள் போனது. பிறகுதான் அந்த விபரீதம் நடந்தது: அவரே அந்த எண்ணை நம்பத் தொடங்கினார். நூற்றுப் பதினாலு உள்ள மனுஷன் ஒரு துண்டு கேக் சாப்பிட்டால் என்ன? சாப்பிட்டார். மறுநாள் மெஷினைப் பார்த்தார். நூற்றுப் பதினாறு. உடம்பு தாங்குகிறது என்று பூரித்துப்போனார். அதற்கடுத்த நாள் இரண்டு துண்டு. பேக்கரிக்காரரிடம், எனக்கெல்லாம் உடம்பு இரும்பு, டாக்டர்தான் வீணாகப் பயமுறுத்துகிறார் என்று சொல்லிவிட்டு வந்தார். ஊரில் எத்தனையோ பேர் அவரை ஏமாற்றப் பார்த்திருக்கிறார்கள், ஒருவராலும் முடிந்ததில்லை. அவராலேயே முடிந்தது.

வண்டி இல்லாததால் மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வரவேண்டியிருந்தது. சாப்பிட்டதும் கூடத்தில் கிடந்த சாய்வு நாற்காலியில் சாய்வார். நாலு வருடமாக விற்காமல் கடையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்ட நாற்காலி. அதில் படுத்தால் அவர் விடுகிற குறட்டைக்கு ஜன்னல் கண்ணாடி அதிரும். எழுந்திருக்கும்போது சில நாள் இடதுகைச் சுண்டு விரலோரம் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும். சிராய் ஏறியிருக்கும் என்று வேட்டியில் துடைத்துக்கொள்வார். மரத்தோடு பழகுகிறவன் கை.

பதினோராம் நாள் வீட்டுக்காரியின் அக்காவிடமிருந்து போன் வந்தது. அக்கா ஒருத்திதான் அவளுக்குக் கூடப் பிறந்தவள். அம்மா போன பிறகு அம்மாவாகவும் இருந்தவள். கடல் தாண்டி மகனிடம் போய்விடப் போகிறாள், திரும்பி வருகிற எண்ணம் இல்லை. கிளம்புவதற்கு முன்னால் இரண்டு வாரம் வந்து தன்கூட இருக்கச் சொல்லி அழைத்தாள்.

பாதிவிலைக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். இரண்டு வாரம் குளியலறையில் கத்த வேண்டாம்.

"தாராளமா போயிட்டு வா. எனக்கென்ன, நூத்திப் பதினாலு."

"நூத்திப் பதினாலு," என்று அவளும் சொன்னாள். மெதுவாக, படிக்கிற மாதிரி சொன்னாள்.

பை கட்டினாள். அக்காவுக்கென்று வாங்கிய கம்பளிச் சால்வையை மேலாக மடித்து வைத்தாள். அந்தப் பை இரண்டு நாள் வாசல் பக்கம் நின்றது. மூன்றாம் நாள் அதைப் பிரித்து எல்லாவற்றையும் பழையபடி அலமாரியில் வைத்துவிட்டாள். என்ன ஆச்சு என்று கேட்டதற்கு முழங்கால் வலி என்றாள். மாத்திரை வாங்கி வரவா என்றார். வேண்டாம் என்றாள். அதோடு அவர் அதை மறந்துபோனார். இருபத்தாறாம் நாள் விமான நிலையத்திலிருந்து அக்கா பேசினாள். வீட்டுக்காரி போனைக் காதில் வைத்துக்கொண்டு, சரிக்கா, சரிக்கா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். வைத்தபின் வெகுநேரம் சமையலறைக் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

முப்பத்தோராம் நாள் பாதிவிலை தேய்த்த சட்டை போட்டுக்கொண்டார். பரிசு வாங்கப் போகிறவர்போல டாக்டரம்மா அறைக்குள் நுழைந்தார். பின்னால் வீட்டுக்காரி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள். அவர் மெஷினை மேஜைமேல் வைத்து டாக்டரம்மா பக்கம் நகர்த்தினார்.

"முப்பது நாள், டாக்டர். காலை எண்ணுல நூத்தி முப்பதுக்கு மேல ஒண்ணே ஒண்ணு காட்டுங்க. சாவியை நானே வேண்டாம்னு சொல்லிடறேன்."

டாக்டரம்மா பொத்தானை அழுத்தினார். இன்னொரு முறை அழுத்தினார்.

"முப்பது நாள் சராசரி, இருநூத்தி நாப்பத்தாறு."

"நூத்தி இருபத்திமூணு," என்றார் பாதிவிலை.

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்றே அவருக்கு உறைத்தது. பழக்கம், யாரை விட்டது. அடுத்த நொடி கோபம் தலைக்கேறியது. எழுந்து நின்றுவிட்டார். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. இந்த மெஷின் டூப்ளிகேட், கடைக்காரனைச் சும்மா விடமாட்டேன், நாற்பது வருடமாக வியாபாரம் பண்ணுகிறவனிடமே வேலையைக் காட்டியிருக்கிறான் என்று அடுக்கினார். டாக்டரம்மா பொறுமையாக, மெஷின் பொய் சொல்லாது சார், உங்க ரத்தத்தில் இருப்பதைத்தான் சொல்கிறது என்றார்.

"என் ரத்தமா? என் ரத்தத்தை இது கண்ணால பாத்ததே இல்ல!"



பாதிவிலை மெல்ல உட்கார்ந்தார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. மெஷினைத் திருப்பி மூலையிலிருந்த சின்னப் பாட்டில் படத்தைக் காட்டினார். இந்தப் படம் விழுந்தால் அது சோதனைத் தண்ணீர். எண்ணைக் காட்டும், ஆனால் சராசரியில் சேர்க்காது என்றார். பட்டைக்குள் மெஷின் ஒரு துளி மின்சாரம் விட்டுப் பார்க்கிறது. ரத்தத்துக்குள் ஆயிரம் சாமான் மிதக்கிறது, மின்சாரம் இடித்துப் பிடித்துக்கொண்டு போகும். இந்தத் தண்ணீரில் காலி ரோட்டில் வண்டி ஓட்டுகிற மாதிரி ஓடிவிடும். ஓடுகிற ஓட்டத்தை வைத்தே எது எது என்று அதற்குத் தெரிந்துவிடும்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. தண்ணீருக்கு ஆள் தெரியாது. மெஷினுக்குத் தண்ணீரைத் தெரியும்.

"அப்ப இந்த இருநூத்தி நாப்பத்தாறு யாரோட ரத்தம்?" குரல் பாதியாகிவிட்டிருந்தது.

"தினமும் மத்தியானம் மூணு பத்துக்கு ஒரு கணக்கு இருக்கு," என்று டாக்டரம்மா வீட்டுக்காரியைப் பார்த்தார்.

பாதிவிலை தன் சுண்டு விரலைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"தூங்கும்போது குத்தினியா?"

"ஆமாங்க."

"முப்பது நாளுமா?"

"இருபத்தொன்பது. ஒரு நாள் நீங்க தூங்கல."

கடைசி ஆயுதம் ஒன்று அவரிடம் மிச்சம் இருந்தது. அது சாப்பிட்ட பிறகு எடுத்த எண், சாப்பாட்டைக் கழித்துக்கொள்ளுங்கள் என்றார். கழித்துப் பார்த்தாலும் அதிகம்தான் என்றார் டாக்டரம்மா. ஐந்தாம் நாளே வீட்டுக்காரி மெஷினோடு வந்து விஷயத்தைச் சொன்னாளாம். அன்றைக்கே மாத்திரையை மாற்றிக் கொடுத்தாராம். கடையில் பழைய கம்பெனி மாத்திரை வரவில்லை என்று அவள் வீட்டில் சொன்னதன் அர்த்தம் அதுதான். நேரில் அழைத்து வாருங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். சாவி வாங்க மட்டும்தான் வருவார், அதுவரை வரமாட்டார் என்றாளாம் அவள்.

பாதிவிலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோற்றவன் சிரிப்புதான், ஆனாலும் அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"இருபத்தொன்பது குத்து, டாக்டர். ஒண்ணுகூட எனக்குத் தெரியல பாருங்க. கையா இது, தேக்குக் கட்டை."

யாரும் கூடச் சிரிக்கவில்லை. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"அதுதான் சார் எனக்குக் கவலை. செருப்பைக் கழட்டிட்டு அந்தக் கட்டில்ல படுங்க. கண்ணை மூடிக்குங்க. உங்க கால்ல மெல்லிசா ஒரு நைலான் இழையால தொடப்போறேன். தொடும்போதெல்லாம் சொல்லுங்க."

படுத்தார். கண்ணை மூடினார். காத்திருந்தார். மின்விசிறி சுற்றியது. வீட்டுக்காரியின் வளையல் ஒரு முறை சத்தம் போட்டது.

"நான் தயார். ஆரம்பிங்க டாக்டர்."

"முடிச்சுட்டேன்," என்றார் டாக்டரம்மா.

டாக்டரம்மா சொன்ன எதையும் பாதிவிலை பாதியாக உடைக்கவில்லை, அப்படியே கேட்டுக்கொண்டார். அவர் கல்யாணமான நாளிலிருந்து இப்படி நடந்ததில்லை. நாளையிலிருந்து இன்சுலின் ஊசி. செருப்பில்லாமல் ஓர் அடி வைக்கக் கூடாது, தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும். உணர்ச்சி திரும்பி வருமா என்று கேட்டதற்கு, இதோடு நிறுத்த முடிந்தால் நல்லது, போன மாசமே நீங்க... என்று சொல்ல ஆரம்பித்து டாக்டரம்மா மருந்துச் சீட்டைப் பார்த்து எழுதத் தொடங்கிவிட்டார். சொல்லாமல் விட்ட அந்த மீதி வாக்கியத்தைப் பாதிவிலை வழி நெடுக எழுத்துக்கூட்டிக்கொண்டு வந்தார்.

கூடத்தில் உட்கார்ந்ததும் கேட்டார்.

"எப்ப தெரியும் உனக்கு?"

"முதல் நாளே. உங்க ஆ சத்தம் டக் சத்தத்துக்கு முன்னாடி கேட்டுச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தார். களைப்பாக இருந்தது.

"பாதிதான் பொய்னு சொல்லியிருப்பேன்."

"அதான்," என்றாள். பிறகு கைவிரலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். முதல் நாள் குத்தும்போது, விழித்துக்கொண்டால் கொசு என்று சொல்லக் காத்திருந்தாளாம். அவர் விழிக்கவில்லை. இரண்டாம் நாள் கொஞ்சம் அழுத்திக் குத்தினாள். மூன்றாம் நாள், வேண்டுமென்றே வலிக்கிற மாதிரி. அவர் குறட்டையின் தாளம்கூட மாறவில்லை. எண்ணைப் பார்த்துப் பயந்ததைவிட அதற்குத்தான் அதிகம் பயந்தேன் என்றாள்.

அவருக்குப் பேச்சை மாற்ற வேண்டும்போல இருந்தது. சாவி எங்கே என்று கேட்டார். மரத்துப்போன காலோடு இனி வண்டி ஓட்ட முடியாது, இருந்தாலும் கேட்டார். அவள் மெஷின் பையின் ஜிப்பை இழுத்தாள். பையின் பின்பக்க உறையிலிருந்து, பத்தாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தாள். மெஷினோடு வந்த வழிமுறைக் காகிதம். பிரித்தால் படுக்கை விரிப்பு அளவுக்கு வந்தது. நடுவில் சின்னப் பாட்டில் படத்துக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது. கடைசி மடிப்பிலிருந்து வண்டிச் சாவி நழுவி மேஜைமேல் விழுந்தது.

"தினமும் உங்க கையிலதான் இருந்துச்சு," என்றாள். "பிரிச்சுப் படிச்சிருந்தீங்கன்னா சாவியும் கிடைச்சிருக்கும், நீங்க பிடிபட்டதும் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சு நேர்மையா வந்து கேட்டிருந்தா கொடுத்திருப்பேன்."

முப்பது நாள் அந்தப் பையைத் திறந்து மூடியிருக்கிறார். முப்பது நாள். சாவியைத் தொட அவர் கை வரவில்லை.

அலமாரிக் கதவு திறந்திருந்தது. மேல் தட்டில் அந்தக் கம்பளிச் சால்வை, கடை மடிப்பு கலையாமல்.

"முட்டி வலின்னு சொன்னியே," என்றார் மெதுவாக.

அவள் காகிதத்தைப் பழையபடி பத்தாக மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் போயிட்டா மூணு பத்துக்கு யாருங்க இருப்பா?"

அதற்குமேல் அவரால் வீட்டில் உட்கார முடியவில்லை. கடைக்கு நடந்துபோனார். கடைசி வரிசை மேஜை முன்னால் உட்கார்ந்து, கோபம் வந்தால்தான் அழுகை வராது என்று தெரிந்த மனுஷனாக, அந்த மெஷினைச் செய்தவருக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். துரோகம் என்று ஆரம்பித்தார். உளவு என்றார். மூன்றாவது பத்தியில் கடிதம் அவர் கையை மீறிப் போனது.

"என் மனைவிக்கு ஒரே ஒரு அக்கா. அவர்கள் கிளம்புவதற்கு முன் பதினான்கு நாள் கூட இருக்க வேண்டியவள், ஒரு பொய்க்குக் காவல் இருந்தாள். நூற்றுப் பதினாலு என்று தினமும் அவள் முகத்துக்கு நேரே சொல்லப்பட்டது. அவளும் கேட்டுக்கொண்டாள். ஐயா, உங்களுக்குக் கண் இல்லையா? போன உணர்ச்சியை யார் தருவது? அந்தப் பதினான்கு நாளை யார் தருவது? இதற்குக் காரணமானவர் எவரோ, அவரே வந்து, சாக்குப்போக்குச் சொல்லாமல், பாதி விட்டுவைக்காமல் முழுதாகச் சரிசெய்து தர வேண்டும்."

எழுதுகிற எதையும் வீட்டுக்காரியிடம் காட்டாமல் அவர் வெளியே அனுப்பியதில்லை. விலைப் பலகையைக்கூட அவள் திருத்திய பிறகுதான் மாட்டுவார். கடிதத்தைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அவள் கண்ணாடியைப் போட்டாள். சிவப்புப் பேனாவை எடுத்தாள். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தாள். நடுவில் ஓரிடத்தில் பேனா நின்று, வெகுநேரம் நகரவில்லை. பிறகு நகர்ந்தது.

"எட்டுப் பிழை," என்றாள்.

"அவ்வளவுதானா?"

"ஏழு எழுத்துப் பிழை. அதைத் திருத்திட்டேன். எட்டாவது மேல இருக்கு."

வாங்கிப் பார்த்தார். கடிதத்தின் தலையில், மெஷின் கம்பெனியின் முகவரி இருந்த இடத்தில் நேராக ஒரு சிவப்புக் கோடு. அதன்மேல் அவள் கையெழுத்தில் அவருடைய பெயர் இருந்தது. பாதிவிலை இல்லை, லைசென்ஸில் பத்திரமாக இருக்கிற அந்தப் பெயர். கீழே இந்த வீட்டு முகவரி.

அவர் கடிதத்தை முதலிலிருந்து படித்தார். இப்போது ஒவ்வொரு வரியும் சரியான ஆளைப் பார்த்துப் பேசியது. துரோகம் சரியாக இருந்தது. உங்களுக்குக் கண் இல்லையா என்பதும் சரியாக இருந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரி கூடுதலாக இருந்தது: முப்பது நாள் ரத்தம், பிறகு அக்கா இப்போது இருக்கிற ஊருக்கு இரண்டு விமான டிக்கெட், முழு விலையில்.

தொண்டையைச் செருமினார். வாய் அதுவாகத் திறந்தது.

"ஒரு பதினஞ்சு நாள்..."

அவள் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு ஊசிப் பேனாவை எடுத்தாள். அவர் கையைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவர் விழித்திருக்கும்போது அவள் அப்படிப் பிடிப்பது அதுதான் முதல் தடவை.

"கடிதம் சேர வேண்டிய ஆளுக்குச் சேந்தாச்சு, ஸ்டாம்ப் மிச்சம்," என்றாள். "இனிமேலாவது சரி பண்ணுங்க. பாதி இல்ல, முழுசா."